மூச்சு முட்டிய புல்லட்: ஆயில் ஒழுகலைத் தேடிப் போன ஐந்து வாரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நகர்த்திவிட்டு, இரவு அடியில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். ஐந்து இடத்தில் எண்ணெய். இரண்டு, தனித்தனிச் சொட்டுகள். ஒன்று உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. மற்ற இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் கிடந்தன.

வண்டி, 1986ஆம் வருடத்து புல்லட் ஸ்டாண்டர்டு 350. பெரியப்பா ஓட்டியது. அவர் போன பிறகு நான்கு வருடம் தஞ்சாவூர் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்குள் நின்றது. ஓட வைத்தது பெரிய வேலையாக இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பாயிண்ட்டைத் தேய்த்து, புது பேட்டரி போட்டதும் ஐந்தாவது கிக்கில் பிடித்துக்கொண்டது. ஆனால் வாசலில் நிறுத்திய முதல் நாளிலிருந்தே ஒழுகல். அம்மா கோலம் போடும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிறுத்துவேன். தரைச் சரிவில் எண்ணெய் ஓடி வந்து கோலத்தின் ஓரத்தைத் தொட்டுவிடும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோலத்தைச் சிறிதாக்கிக்கொண்டாள். அதைப் பார்த்த அன்றுதான் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பட்டறைக்கார அண்ணன் ஒருவரிடம் கேட்டபோது, "தம்பி, புல்லட்டுன்னா ஒழுகத்தான் செய்யும். ஒழுகலன்னாதான் பயப்படணும்" என்றார். இந்தப் பேச்சை ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் ரெடிச்சில் வரைந்த எஞ்சின் இது. 1950களின் நடுவிலிருந்து நம் திருவொற்றியூரில் செய்யப்பட்டது. வார்ப்பிரும்பு சிலிண்டர், அதற்கு அடியில் எஞ்சினின் அடிப்பெட்டியான அலுமினிய கிராங்க் கேஸ், நடுவே காகித பேக்கிங். பழைய முறைதான். ஆனால் முகங்கள் தட்டையாக இருந்து, ரப்பர்கள் உயிரோடு இருந்தால் காகிதமே எண்ணெயைத் தாங்கிவிடும். பெரியப்பா காலத்தில் இந்த வண்டி திண்ணைக்குப் பக்கத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கறை இருந்ததில்லை.

முதல் வேலையாக எஞ்சினைக் கழுவினேன். இதை அவசரமாகச் செய்தால் பின்னால் எல்லாமே தப்பாகப் போகும். பழைய பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், ஒரு கிலோ பனியன் வேஸ்ட். சிலிண்டர் விலாக்களுக்கு நடுவே இருந்த களிம்பைக் குச்சியால் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை போனது. பிறகு சோப்புத் தண்ணீர், வெயில். நன்றாகக் காய்ந்ததும் எஞ்சின் முழுக்க முகப் பவுடரை மெல்லிய துணியில் கட்டித் தட்டினேன். வெள்ளை பூசிய எஞ்சினோடு மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்பினேன்.

எண்ணெய் கீழே இறங்கும், காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டு விழும் இடம் ஒழுகும் இடம் அல்ல. பவுடரில் நனைந்த தடத்தைப் பிடித்து மேலே, முன்னே போக வேண்டும். அது தொடங்கும் உச்சிதான் குற்றவாளி. அப்படிப் பார்த்ததில் ஐந்து இடம் தெரிந்தது: எஞ்சின் தலையில், வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் மூட்டு, சிலிண்டர் அடியில், வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகளை மறைக்கும் டேப்பெட் மூடி, வலது பக்கத்தில் கேம் பற்சக்கரங்களை மூடியிருக்கும் டைமிங் கவரின் கீழ் விளிம்பு, எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் எண்ணெயில் ஓடும் இடது பக்க செயின் கேஸ், கடைசியாகப் பின் செயினைச் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் கியர் பாக்ஸ்.

செய்தித்தாளிலும் ஒரு முறை வைத்துக்கொண்டேன். சென்டர் ஸ்டேண்டின் இரண்டு காலும் படும் இடத்தை பேனாவால் வட்டமிட்டுவிட்டால், ஒவ்வொரு வாரத் தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடலாம். எந்தச் சொட்டு வளர்கிறது, எது நின்றது என்று தெரியும். சொட்டைத் தொட்டு முகர்ந்தும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் கறுப்பு, லேசான பெட்ரோல் வாசம். கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு, விரலில் கெட்டியாக ஒட்டும். செயின் கேஸ் ஆயில் புகை படாமல் இருப்பதால் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். என் செயின் கேஸ் சொட்டு கறுப்பாக இருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

எளிதானது என்று டேப்பெட் மூடியிலிருந்து ஆரம்பித்தேன். மூடியைத் திறந்ததும் சிவப்பு சீலன்ட் பசை விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. யாரோ எப்போதோ பேக்கிங்கே போடாமல் பசையை மட்டும் வைத்து முடுக்கியிருக்கிறார்கள். சுத்தமாகச் சுரண்டி, புது பேக்கிங் வெட்டிப் போட்டு, நட்டை அளவாக முடுக்கினேன். இரண்டு நாள் உலர்ந்தே இருந்தது. மூன்றாம் நாள் அதே இடத்தில் கசிவு. கூடவே, அதுவரை லேசாக மட்டும் நனைந்திருந்த டைமிங் கவரில் ஒழுகல் இரட்டிப்பானது.

ஒரு ஓட்டையை அடைத்தால் எண்ணெய் அடுத்த ஓட்டைக்குப் போகிறது. உள்ளே ஏதோ அதைத் தள்ளுகிறது. ஒழுகும் இடங்களைத் தேடியவன் தள்ளுவது எது என்று யோசிக்கவே இல்லை. அன்று ராத்திரி அதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கணக்கு எளிது. புல்லட்டின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், மொத்தம் 346 சிசி. பிஸ்டன் கீழே வரும்போது மேலே எவ்வளவு இடம் கூடுகிறதோ, அவ்வளவு இடம் கிராங்க் கேஸுக்குள் குறைகிறது. ஒற்றை சிலிண்டர் என்பதால் ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறி ஈடுகட்ட வழியில்லை. 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 50 தடவை, ஒவ்வொரு தடவையும் 346 சிசி இடத்துக் காற்று நெருக்கப்படுகிறது. அது போகத்தான் பிரீதர், எஞ்சினின் மூச்சு வழி. கிராங்க் கேஸிலிருந்து வரும் குழாயின் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காற்று வெளியே போகும்போது அலகு திறக்கும், உள்ளே இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். அது ஒழுங்காக வேலை செய்தால் கிராங்க் கேஸுக்குள் எப்போதும் லேசான வெற்றிட இழுப்பு இருக்கும். அந்த இழுப்பு இருக்கும்வரை சுமாரான பேக்கிங்கூட எண்ணெயை வெளியே விடாது.

காலையில் எழுந்ததும் அந்த ரப்பரைத்தான் பார்த்தேன். காய்ந்த வடாம் மாதிரி விறைத்திருந்தது. அலகின் இரண்டு உதடும் கறுப்புக் களிம்பில் ஒட்டிப்போய், நகத்தால் கீறினால்தான் பிரிந்தன. நான்கு வருடம் அசையாமல் நின்ற வண்டியில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஐயம் தீர ஒரு சோதனை செய்தேன். மெல்லிய பாலிதீன் பை ஒன்றை பிரீதர் முனையில் நூலால் கட்டி, வண்டியை ஐடிலில் விட்டேன். விறைத்த ரப்பரோடு: பை அசையவே இல்லை. ரப்பரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் கட்டியபோது: பை உள்ளும் வெளியுமாகப் படபடத்தது. புது ரப்பர் போட்டபோது: விட்டுவிட்டு உப்பி, உப்பியது உப்பியபடியே நின்றது. அதுதான் சரியான மூச்சு. சிலர் குழாயைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டுக் குமிழி பார்க்கச் சொல்வார்கள். வால்வு கெட்டிருந்தால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் நான் அதைச் செய்ய மாட்டேன். புது ரப்பரின் விலை இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடும் காசுகூட இல்லை.

அடுத்த ஞாயிறு தாளில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. டேப்பெட் மூடியின் சொட்டு அடியோடு நின்றுவிட்டது. மற்றவை பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் புதிதாக ஒன்று: மூன்று நாள் நிறுத்திவிட்டு எடுக்கும்போது மட்டும் பிரீதர் வழியாகவே எண்ணெய் பீய்ச்சியது.

இந்த எஞ்சினில் எண்ணெய்த் தொட்டி தனியாக வெளியே இல்லை. கிராங்க் கேஸ் வார்ப்பின் பின்பகுதியிலேயே ஓர் அறையாக இருக்கிறது. டைமிங் கவருக்குள் இரண்டு பிஸ்டன் பம்புகள் உண்டு. ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயைக் கொடுக்கும், மற்றது கிராங்க் கேஸில் வடிந்ததைத் திருப்பி எடுக்கும். ஒவ்வொரு பம்பிலும் ஒரு வட்டத் தகடு ஸ்பிரிங் அழுத்தத்தில் முகத்தோடு முகம் ஒட்டி ஆடி, எண்ணெய் வழியைத் திறந்து மூடும். அந்த முகம் தேய்ந்தால், வண்டி நிற்கும்போது தொட்டி எண்ணெய் மெல்ல கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். மூன்று நாள் நிறுத்திய பிறகு கிராங்க் கேஸ் வடி போல்ட்டைக் கழற்றி அளந்து பார்த்தேன். அறுநூறு மில்லிக்கு மேல் வந்தது. மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ இரண்டே கால் லிட்டர்தான்.

இதிலிருந்து இன்னொரு தவறும் பிடிபட்டது. வண்டியை எடுப்பதற்கு முன், குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக் பார்த்துக் குறைகிறதே என்று நானே எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். எண்ணெய் எங்கும் போகவில்லை, கீழே இறங்கியிருந்தது. ஓட ஆரம்பித்ததும் அது தொட்டிக்குத் திரும்பும், நான் ஊற்றியதும் சேர்ந்து மிதமிஞ்சும், மூட்டுகளில் பிதுங்கும். டிப்ஸ்டிக்கை ஓட்டி முடித்து நிறுத்திய சில நிமிடங்களில் பார்க்க வேண்டும். புல்லட் வாங்கும் யாருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டியது இது.

டைமிங் கவரைக் கழற்றும் வேலைக்கு ஒரு முழு சனிக்கிழமை ஒதுக்கினேன். பழைய புல்லட்டில் விட்வொர்த் வகை நட்டுகள் நிறைய. மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்துத் திருகினால் முனை மழுங்கிவிடும், ஏற்கெனவே இரண்டு மழுங்கியிருந்தன. கவரை இழுக்கும்போது கேம் பற்சக்கரங்கள் கூடவே வந்துவிடாதபடி விரலால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வந்துவிட்டால் டைமிங் போய்விடும்.

கவர் கையில் வந்ததும் மனசு வலித்தது. விளிம்பில் மூன்று இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிய பள்ளங்கள். கவரின் முகத்துக்கும் கிராங்க் கேஸ் முகத்துக்கும் பொருந்திய தழும்புகள். பேக்கிங் பிடித்துக்கொண்டால் கவர் எளிதில் வராது என்பது உண்மைதான். மரக்கட்டையை வைத்து மெல்லச் சுற்றித் தட்டினால் வரும், பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தை யாரோ மிச்சம் பிடித்ததன் விலை, பல வருட ஒழுகல். அதைவிட அதிர்ச்சி, ஃபெல்ட் ஃபில்டர் அறைக்குள் இருந்தது. சிவப்புப் பசையின் நூல், மண்புழு நீளத்துக்கு. வெளியே பிதுங்கிய பசை நமக்குத் தெரிகிறது, துடைத்துவிடுகிறோம். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? அது உடைந்து எண்ணெய் வழியில் போய் அடைத்தால், கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்ட் பேரிங்குக்கு எண்ணெய் கிடைக்காது, கனெக்டிங் ராடோடு சேர்ந்து எஞ்சினே போகும். ஒழுகும் எஞ்சினை எத்தனை வருடமும் ஓட்டலாம். எண்ணெய் வழி அடைத்த எஞ்சின் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

கவர் முகத்தின் பள்ளங்களை உலோக எபாக்சியால் நிரப்பி ஒரு நாள் இறுக விட்டேன். பிறகு தடித்த கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீரும் சோப்பும் விட்டு, எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்தேன். முகம் முழுக்க மார்க்கரால் கோடு போட்டுவிட்டுத் தேய்த்தால் கோடு அழியாத இடம் பள்ளம் என்று தெரியும். கிராங்க் கேஸ் பக்கத்தைத் தேய்க்க முடியாது. அங்கே மேடாக எழும்பியிருந்த பிசிறுகளை மட்டும் எண்ணெய்க் கல்லால் நீவினேன், எண்ணெய் வழிகளைத் துணியால் அடைத்துவிட்டு.

பம்ப் தகடுகளைப் பிரித்தபோது முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல். பித்தளை பாலிஷைத் தொட்டு வைத்து, அதனதன் இருக்கையிலேயே அரை வட்டம் முன்னும் பின்னுமாகச் சுற்றினேன். வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வேண்டாம், அது இந்த வேலைக்கு முரடு. தகடுகளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடவும் கூடாது. ஒரு மணி நேரத்தில் முகம் முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறம் வந்தது. பெட்ரோலில் மூன்று தடவை கழுவினேன். பாலிஷ் துகள் ஒன்று மிஞ்சினாலும் அது பிக் எண்ட்டுக்குத்தான் போகும்.

பேக்கிங்கைக் கடையில் வாங்கலாம். நான் ஷீட் வாங்கி வெட்டினேன், அந்த வேலை எனக்குப் பிடிக்கும். கவர் மேல் ஷீட்டை விரித்து, விளிம்போரம் உருண்டைத் தலைச் சுத்தியால் லேசாகத் தட்டினால் தடம் பதியும். துளைக்கு பேரிங் குண்டு ஒன்றை வைத்துத் தட்டினால் வட்டம் அச்சாக விழும். தடம் பதியும் அளவுக்கு மட்டும் தட்டி, பிறகு பிளேடால் வெட்ட வேண்டும். சுத்தியாலேயே வெட்டிவிடலாம் என்று ஓங்கித் தட்டினால் அலுமினிய விளிம்பு மழுங்கும். எண்ணெய் வழிகளுக்கான சிறு துளைகளை இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்தேன். ஒரு துளை விட்டுப்போனாலும் பசை அடைத்த அதே கதிதான்.

மூடும்போது இரண்டு விஷயம். கவருக்கும் கிராங்க் முனைக்கும் நடுவே எண்ணெயைக் கடத்தும் இடத்தில் இருக்கும் சிறிய சீலைக் கண்டிப்பாகப் புதிதாகப் போட வேண்டும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, ஆனால் அழுத்தம் முழுக்க அங்கே உள்ளேயே கசிந்துவிடும். இரண்டாவது, பம்ப் குழிகளையும் ஃபில்டர் அறையையும் எண்ணெயால் நிரப்பிவிட்டு மூட வேண்டும். காலியான பம்ப் எண்ணெயை இழுக்கத் தாமதிக்கும். பேக்கிங்கின் இரு பக்கமும் வெறும் கிரீஸ், விரலில் ஒட்டும் அளவு. பசை இல்லை. திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக, மூன்று சுற்றில் முடுக்கினேன். த்ரெட் போயிருந்த ஒரு துளைக்கு லேத் பட்டறையில் ஹெலிகாயில், அதாவது புது த்ரெட்டாக நிற்கும் கம்பிச் சுருள், வைத்து வாங்கினேன்.

ஸ்டார்ட் செய்ததும், எண்ணெய் மேலே வருகிறதா என்று ராக்கர் குழாய் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்திப் பார்த்தேன். முதல் அரை நிமிடம் ஒன்றும் வரவில்லை. கை சாவிக்குப் போனது. அதற்குள் எண்ணெய் துளிர்த்து வழிந்தது. அந்த மூட்டில்தான் உச்சியிலிருந்த ஒழுகலும். காப்பர் வாஷர்கள் பல தடவை நசுங்கி இறுகிப்போயிருந்தன. அடுப்பு நெருப்பில் மங்கின சிவப்பாகும் வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டேன். செம்பு இப்படிச் செய்தால் இளகும், மறுபடி நசுங்கி மூட்டை அடைக்கும். கருகலை எமரியில் தேய்த்துப் போட்டதோடு அந்த இடம் முடிந்தது.

செயின் கேஸுக்கு இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்ற வேண்டும். மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட். சுற்றிலும் ரப்பர் வளையம். ஒழுகுகிறதே என்று அந்த நட்டை முடுக்க முடுக்க, நடு அமுங்கி விளிம்பு வெளியே விரியும், ஒழுகல் கூடும். கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்தேன், மூடி முன்பக்கம் தூக்கியிருந்தது. பொறுமையாகத் தேய்த்து, புது வளையம் போட்டு, நட்டை ரப்பர் அமுங்கும் அளவோடு நிறுத்தினேன். ஆல்டர்னேட்டர் ஒயர் வெளியே வரும் ரப்பரும் வெடித்திருந்தது, மாற்றினேன்.

அந்தக் கறுப்பு நிறம் இப்போது நினைவுக்கு வந்தது. செயின் கேஸுக்குள் எஞ்சின் ஆயில் வந்திருக்கிறது என்றால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கலாம். அதை மாற்ற கிளட்ச், செயின் எல்லாம் இறங்க வேண்டும். உடனே இறங்கவில்லை. கழுவி, புது எண்ணெயை லெவல் துளை வரை ஊற்றி, இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு லெவல் போல்ட்டைத் திறந்தேன். அதே அளவு, அதே தேன் நிறம். சீல் நன்றாகத்தான் இருக்கிறது. மூச்சு அடைத்திருந்த காலத்தில் அழுத்தம் அதன் உதட்டைத் தாண்டி எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. நூறு ரூபாய்கூடப் பெறாத ரப்பர் ஒன்று, எஞ்சினின் இரண்டு பக்கத்தையும் நனைத்திருந்தது.

ஐந்தாவது வாரம் கும்பகோணம் போய் வந்தேன். போக வர எண்பது கிலோமீட்டர், நல்ல வெயில். திரும்பியதும் சூடு ஆறும் வரை காத்திருந்து பவுடரைப் பார்த்தேன். வலது பக்கம் முழுக்க வெள்ளை அப்படியே இருந்தது. இடது பக்கமும். ஒரு வாரம் நிறுத்திவிட்டு கிராங்க் கேஸை வடித்ததில் நூறு மில்லி அளவுதான் வந்தது.

இன்று காலைத் தாளில் ஒரே ஒரு சொட்டு. கந்தக நெடி. கியர் பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சீல். பின் செயினும் தேய்ந்திருக்கிறது, ஸ்ப்ராக்கெட்டை எப்படியும் கழற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்து மார்கழிக்கு முன் முடித்துவிட வேண்டும், அம்மாவுக்குப் பெரிய கோலம் போட வாசல் முழுக்க வேண்டும். அதுவரை அந்த இடத்துக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.